வாயைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம்

அந்தக் காலத்தில் எந்த இலைக்கும் ஓரம் குறைந்திருக்கவில்லை. மரத்தில் இருக்கும் பச்சை இலையை யாரும் வெட்டக் கூடாது என்பது வழக்கம். தானாக உதிர்ந்ததைத்தான் எடுப்பார்கள். ஏரிக்கரையில் பனி முழங்கால் உயரத்துக்குப் படுத்திருக்கும். பகல் வந்த பிறகும் எழுந்து போக மனமில்லாமல் அப்படியே கிடக்கும். அந்தப் பனிக்குள் எறும்பு பேசினால் ஓணானுக்குக் கேட்கும். ஓணான் பேசினால் மரத்துக்குக் கேட்கும். மரங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும்; பதில் சொல்வது அரிது.

வெட்டுவதும் தைப்பதும் அப்போது நேர்கோட்டில்தான். கரையில் நின்ற மந்தாரை மரத்தில் ஊசிவாயி என்றொரு தையல்சிட்டு இருந்தாள். உதிர்ந்த இலையைக் காய்வதற்குள் எடுத்து, ஓரங்களை நேராகக் கிள்ளி, துண்டோடு துண்டு சேர்த்துப் பஞ்சு நூலால் தைப்பாள். கொஞ்சம் கோணினாலும் பிரித்துவிடுவாள். அவளுடைய கூட்டில் மூன்று குஞ்சுகள். மழைக்காலம் வருமுன் அவற்றின் மேல் விரிக்க ஒரு ஒட்டுப்போர்வை தைத்து முடித்திருந்தாள். அதில் எல்லாத் துண்டும் சதுரம்.

மரத்தடி வேலியில் ஒடிந்த நாணல் தண்டு ஒன்று சாய்ந்திருந்தது. அதற்குள் கருக்கி என்ற தேனீ குடியிருந்தாள். அவளுக்குக் கூட்டமும் இல்லை, ராணியும் இல்லை. தண்டின் அடியில் மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, தண்டின் வாயை இலைத்துண்டால் மூடுவாள். எல்லாரும் சதுரமாக வெட்டியதால் அவளும் சதுரமாகவே வெட்டினாள். தண்டின் வாயோ உருண்டை. நான்கு மூலையும் மடங்கும். மடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் இடுக்கு விழும். அந்த இடுக்கு எறும்புக்குப் போதும்.

முதல் முட்டை அப்படிப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதை அன்று காலையில்தான் இட்டிருந்தாள். பூக்கள் முடிந்துவிட்டன. இன்னொரு முட்டைக்கு மகரந்தம் சேர்க்க வழியில்லை.

கருக்கி ஊசிவாயியிடம் பறந்து போனாள்.

"அக்கா, மூலை இல்லாம ஒரு மூடி வெட்டித் தருவீங்களா?"

"மூலை இல்லாமயா? அப்போ எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிக்கிறது?"

"வளைச்சுக்கிட்டே போய்..."

"வளைவுப் பேச்சே எடுக்காதே தங்கச்சி. ஒரு தடவை வளைவு தைச்சுப் பார்த்தேன். நூலை இழுத்தேன், இலந்தை வத்தல் மாதிரி சுருங்கிப்போச்சு. அன்னைக்கு விட்டதுதான்."

பக்கத்துக் கிளையில் வெயிலுக்காகக் காத்திருந்த ஓணான் தலையை ஆட்டினான். "அக்கா கையில வானவில்லைக் கொடுத்தாலும் நிமித்தி வெச்சுத்தான் தைப்பாங்க."

"உங்க முதுகு முள்ளைக் கொஞ்சம் நேராக்கித் தைச்சு விடட்டுமா, ஓணாண்ணே?"

"வேண்டாம் தாயி. அது கோணலாவே இருந்துட்டுப் போகட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கருக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. தண்டுக்குத் திரும்பி, அதன் வாயில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தாள். ஊசிவாயி பஞ்சு எடுக்கப் போய்விட்டாள்.

மழையின் முதல் துளி நீரில் விழுந்தது. விழுந்த இடம் அசையாமல் இருக்க, அதைச் சுற்றி ஒரு வளையம் பிறந்து விரிந்தது. இன்னொரு துளி விழுந்தது. இன்னொரு வளையம். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து அப்பால் போனது. எங்கேயும் கிழியவில்லை. எங்கேயும் சுருங்கவில்லை. பார்க்கப் பார்க்கக் கருக்கியின் கண்கள் தூக்கத்தில்போல மிதந்தன. பின்னங்கால்கள் தண்டைப் பிடித்திருக்க, அவள் உடம்பு தானாக வட்டமிடத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

'இதுதானா?' என்று நினைத்தாள். 'காலை ஊன்றினால் போதும். மிச்சத்தை உடம்பு வரைந்துவிடும்.'

அப்போது வேலியின் மேல் கறுப்பு நூல்போல எறும்பு வரிசை வருவது தெரிந்தது.

அவசரமாக ஒரு சருகைப் பிடித்துச் சுற்றி வெட்டினாள். பாதி வளைவில் அது நொறுங்கியது. இன்னொரு சருகும் நொறுங்கியது. பச்சையைத் தொடக் கூடாது. ஈரம் குடித்து மெத்தென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

ஊசிவாயியின் கூட்டுக்குப் பறந்து, போர்வையின் நட்ட நடுவில் உட்கார்ந்தாள். காலை ஊன்றினாள், சுற்றினாள், வெட்டினாள். வட்டம் கையோடு வந்துவிட்டது. அடியிலிருந்து மூன்று குஞ்சுகள் அண்ணாந்து பார்த்தன.

"அத்தை, ஏன் வானம் இன்னைக்கு உருண்டையா இருக்கு?" என்றது ஒன்று.

கருக்கி வட்டத்தோடு தண்டுக்குப் பறந்தாள்.

தண்டின் வாய்க்கும் வட்டத்துக்கும் அளவு அப்படியே ஒத்துப்போனது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மெல்ல அழுத்தினாள். மூடி வழுக்கி உள்ளே சாய்ந்தது. வெளியே இழுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் சாய்ந்தது.

"திருட்டுச் சிறுக்கி!" ஊசிவாயி வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு வந்து நின்றாள். "என் பிள்ளைங்க தலையில தண்ணி சொட்டுது. எத்தனை நாள் தைச்சேன் தெரியுமா? நடுவுல போய் ஓட்டை போட்டிருக்கியே!"

மூடி கிடந்த கிடையை ஊசிவாயி பார்த்தாள். நெருங்கிவிட்ட எறும்புகளையும் பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது. ஆனாலும் அளவு தப்பிய வேலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக அவளால் முடியாது.

"எந்த அளவுக்கு வெட்டினே?"

"வாய் அளவுக்கு அக்கா. மயிரிழைகூடக் கூடலை, குறையலை."

"சரியா வெட்டினதுதான் தப்பு. ஓரம் மடிய இடம் விட்டியா? நான் எந்தத் துண்டையும் ஒரு நக அகலம் கூட்டித்தான் வெட்டுவேன். அந்த நக அகலத்தைத் தையல் தின்னுடும். தின்னாத்தான் பிடிச்சுக்கும்." அவள் தண்டின் வாயை மறைத்து நின்றுகொண்டாள். "எறும்பை நான் பார்த்துக்கிறேன். நீ போய்ப் பெரிசா வெட்டிட்டு வா."

"எதுல வெட்டறது அக்கா? சருகு நொறுங்குது."

மேலே குஞ்சுகள் கத்துவது கேட்டது. ஊசிவாயி ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"போர்வையிலேயே இன்னொண்ணு எடுத்துக்கோ. சீக்கிரம்."

கருக்கி நகரவில்லை. அப்போது மேலிருந்து, மழை பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

"என்னை ஒருத்தரும் கேட்கவே மாட்டீங்களா?"

மந்தாரை மரம்தான் பேசியது.

"பச்சை இலையை வெட்டக் கூடாதுன்னு..." என்று கருக்கி இழுத்தாள்.

"நான் அப்படிச் சொன்னதில்லையே. ஓரத்துல எடுத்துக்கோ. நடு நரம்பைத் தொட்டுடாதே. நான் பிழைச்சுக்குவேன்."

கருக்கி ஓர் இலையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பச்சை வாசனை முகத்தில் அடித்தது. ஒரு நக அகலம் கூட்டிச் சுற்றினாள்.

"கூசுது," என்றது மரம்.

இதற்குள் எறும்புகள் ஊசிவாயியின் காலில் ஏறிவிட்டன. கொத்திக்கொண்டே அவள் கத்தினாள்: "ஓணாண்ணே! தலையாட்டினது போதும், இறங்கி வாங்க!"

ஓணான் இறங்கி வந்து நாக்கை நீட்டினான். வரிசை பாதியில் அறுந்தது. "எனக்குப் பசி. அதுக்காகத்தான் வந்தேன்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டான்.

கருக்கி புது வட்டத்தைத் தண்டின் வாயில் வைத்து நடுவில் அழுத்தினாள். அது கிண்ணம்போலக் குழிந்தது. கூடுதலாக விட்ட ஓரம் மேலே மடிந்து, தண்டைச் சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் இன்னொன்று வைத்தாள். அதற்கும் மேல் ஒன்று. மிஞ்சிய எறும்புகள் சுற்றிச் சுற்றி வந்து, நுழைய மூலை கிடைக்காமல் திரும்பிப் போயின.

பிறகு போர்வையின் ஓட்டையைவிட ஒரு நக அகலம் பெரிதாக ஒரு வட்டம் வெட்டிக்கொண்டு வந்து ஊசிவாயியின் முன் வைத்தாள். ஊசிவாயி அதைத் தொடவில்லை.

"சுருங்கிடும்டி."

"இழுக்காதீங்க அக்கா. ஏரியில வளையத்தை யாரு இழுக்கறா?"

ஊசிவாயி மேலே ஒரு முடிச்சுப் போட்டாள். நேர் கீழே ஒன்று. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு இடையிடையே போட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் தனியாகப் போட்டாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நூலை இழுக்கவில்லை. இலை தானாகப் போய் உட்கார்ந்தது. ஓரிடத்தில் மட்டும் லேசாக மேடு தட்டியது. அதை வெகுநேரம் பார்த்தாள். பிரிக்கவில்லை.

"வானம் போயிடுச்சு," என்று உள்ளிருந்து ஒரு குஞ்சு சொல்லிவிட்டுத் தூங்கிப்போனது.

மழைக்காலம் முடிந்து பூக்கள் திரும்பி வந்தபோது, நாணல் தண்டின் மூடியை உள்ளிருந்து யாரோ கடித்தார்கள். ஈரச் சிறகோடு ஒரு குட்டித் தேனீ வெளியே வந்தாள். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். நேராக மந்தாரைக்குப் பறந்து, ஓர் இலையின் ஓரத்தில் காலை ஊன்றி, உடம்பைச் சுழற்றினாள்.

அன்று முதல்தான் தையல்சிட்டு ஒவ்வொரு தையலையும் தனி முடிச்சாகப் போடுகிறது. இலைவெட்டித் தேனீ இலையின் ஓரத்தில் மட்டும், வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக வட்டம் எடுக்கிறது. மந்தாரை இலையில் அப்படி ஒரு வளைவு குறைந்திருப்பதைக் கண்டால், பக்கத்தில் எங்கோ ஒரு தண்டுக்குள் ஒரு பிள்ளை நனையாமல் உறங்குகிறது.