சென்னியப்பனின் மூன்று பைபாட்கள்

சென்னியப்பனுக்கு வந்தது லேசுப்பட்ட குழப்பமில்லை. கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்து ரைபிள் கிளப்பில் ஒரு துண்டை விரித்து, மூன்று பைபாட்களை அதன்மேல் வரிசையாக வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்கள் கடை போட்டிருக்கிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

பைபாட் என்பது துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரண்டு கால். அவரிடம் இருந்ததில் ஒன்று குட்டைக்கால், கிளப்பின் பழைய சாமான். அவர் சுடப் பழகியதே அதில்தான். உட்கார்ந்து சுட நெட்டைக்கால்தான் சரி என்று ஒருவர் சொன்னார், அதை வாங்கினார். மேஜையில் வைத்துச் சுட அகலக்கால்தான் அசையாது என்று இன்னொருவர் சொன்னார், அதையும் வாங்கினார். யார் எதைச் சொன்னாலும் அவருக்குச் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் மாவட்டப் போட்டி. பாயில் படுத்து ஒரு சுற்று, மேஜையில் ஒரு சுற்று, மண்மேட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று. மூன்றுக்கும் ஒரே பைபாட். காலையில் சோதனையின்போது முத்திரை ஒட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. கால்களைக் கொஞ்சம் நீட்டலாம், சுருக்கலாம், அவ்வளவுதான்.

போன வருடம் அவருடைய ஒரே ஒரு குண்டு எங்கேயோ போய், அணி மொத்தமும் போட்டியை விட்டு வெளியே வந்தது. அணித்தலைவர் கருப்பணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இந்த வருடமும் சென்னியப்பன் பெயரையே முதலில் எழுதிக் கொடுத்திருந்தார் அந்த மனுஷன். இவரைத் தூங்கவிடாமல் அடித்தது அதுதான். இன்னொரு முறை சொதப்பினால் கருப்பணன் முகத்தில் எப்படி முழிப்பது?

பயிற்சியாளர் சலேத் மேரி டீ கிளாசோடு வந்தாள். தூத்துக்குடிக்காரி, போலீஸ் அணியில் பல வருடம் சுட்டவள். வயதில் சென்னியப்பனைவிட ரொம்பச் சின்னவள். ஆனால் சுடும் இடத்தில் அவர் அவளிடம் கைகட்டித்தான் நிற்பார்.

"ஏனுங்க மேடம், எதையுங்க எடுத்துக்கறது?"

"மூணும் நல்லாத்தான இருக்கு, அண்ணாச்சி."

"அதானுங்களே பிரச்சினை."

சலேத் மேரி டீயைக் குடித்து முடித்தாள். பிறகு தூரத்தில் மூன்று குறி அட்டைகளைப் பக்கம் பக்கமாக, பைபாட்டுக்கு ஒன்றாக, மாட்டச் சொன்னாள். கறுப்பு வட்டத்தில் விழும் ஓட்டை இங்கிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டும் தூரநோக்கியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணொண்ணுலயும் சுடுங்க. பாய், மேஜை, மேடு, எல்லா இடத்துலயும். ஒவ்வொரு குண்டுக்கும் எங்க போச்சுன்னு எனக்குச் சொல்லணும்."

"பார்க்காமையேங்களா?"

"பார்த்துட்டா நான் எதுக்குக் கேக்கேன்?"

அகலக்காலை முதலில் மாட்டினார். துப்பாக்கி கல்லு மாதிரி நின்றது. சுட்டார்.

"எங்க?"

"நடுவுலதானுங்க."

அடுத்ததும் நடுவில். அதற்கடுத்ததும் நடுவில். மேட்டில் சுட்டபோதும் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

நெட்டைக்காலில் குரல் கொஞ்சம் இறங்கியது. "நல்லாப் போயிருக்குமுங்க" என்றார். "இது மோசமுங்க" என்றார். கடைசி ஒன்றுக்கு உதட்டைப் பிதுக்கினார்.

குட்டைக்காலைப் பிடித்தபோது முகமே சுருங்கிவிட்டது. அதன் இடதுகால் ரப்பர் தேய்ந்து போயிருந்தது.

"எங்க?"

"இடப்பக்கம், கீழ. கால் வழுக்கிருச்சுங்க."

"இது?"

"மேலீங்க. மூச்சு விட்டுட்டேன்."

"இது?"

"நடுவுல. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பிடிச்சனுங்க."

மேட்டில் பைபாட்டின் கால் எட்டாமல் தன் பையை அடியில் கொடுத்துச் சுட்டார். "வலது. பை அமுங்கிருச்சு" என்று அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார். சொல்லிவிட்டு அவமானமாக இருந்தது. குழந்தை ஒவ்வொரு தப்பாக ஒப்புக்கொள்வதுபோல் அல்லவா ஆகிவிட்டது.

இருவரும் நடந்து போய் அட்டைகளைப் பார்த்தார்கள். அகலக்கால் அட்டையில் குண்டுகள் நடுவில் கூடியிருந்தன. ஒன்று மட்டும் வலது ஓரத்தில் தனியாகக் கிடந்தது. நெட்டைக்கால் சுமார். குட்டைக்கால் அட்டையில் ஓட்டைகள் சிதறியிருந்தன, மதிப்பெண்ணும் அதில்தான் குறைவு. ஆனால் இடது கீழே என்றது இடது கீழே இருந்தது. மேலே என்றது மேலே இருந்தது.

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார்.

"மார்க்கு அகலத்துலதானுங்க அதிகம்."

"ஆமா."

"அப்ப அதையே எடுத்துக்கட்டுங்களா?"

"எடுத்துக்கலாம்."

அந்த 'எடுத்துக்கலாம்' அவருக்குப் பிடிக்கவில்லை. "குட்டைதான் எடுக்கோணும்கறீங்களா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"அது வழுக்குதுங்க மேடம்."

"வழுக்கத்தான் செய்யுது."

"நெட்டை?"

அவள் நெட்டைக்கால் அட்டையை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். சென்னியப்பனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. வந்தபோது மூன்றில் எது என்று தெரியாமல் இருந்தார். இப்போது நல்லது எது, கெட்டது எது என்பதும் தெரியாமல் போய்விட்டது. அவருக்குக் கோபமே வந்தது.

"நாளைக்கு என்னால கருப்பணன் இன்னொருக்கா தலை குனியக் கூடாதுங்க மேடம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கண்ணை மூடிட்டு எடுத்துக்குவேன்."

சலேத் மேரி அகலக்கால் அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். வலது ஓரத்தில் தனியாகக் கிடந்த ஓட்டையின் மேல் விரலை வைத்தாள்.

"இது எத்தனாவது குண்டு, அண்ணாச்சி?"

"தெரியலீங்க. எல்லாமே நடுவுலதான் போச்சுன்னு நினைச்சேன்."

"நாளைக்கும் இது வரும். வந்துச்சுன்னா, அடுத்த குண்டுக்கு எதைத் திருத்துவீங்க?"

சென்னியப்பன் அந்த ஓட்டையைப் பார்த்தார், பிறகு தான் சொன்ன சொன்ன இடத்திலேயே ஓட்டை விழுந்திருந்த குட்டைக்கால் அட்டையைப் பார்த்தார்.