மகாராஜாவுக்கு ஒரு முன்பல்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் கரும்பைத் தங்கள் பல்லாலேயே உரித்துத் தின்ற காலத்தில், ஒரு தேசத்தை மகுடேசுவரர் என்ற மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர். வரி குறைவு, கோபம் அதைவிடக் குறைவு, சிரிப்பு மட்டும் ரொம்ப அதிகம். அவர் வாய்விட்டுச் சிரித்தால் கோட்டை வாசலில் நிற்கும் பட்டத்து யானை காதை ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

அந்தச் சிரிப்புக்குக் காரணமானவன் அப்பாவு, சபையின் விகடகவி. ராஜாவைச் சிரிக்கவைப்பது ஒன்றுதான் அவன் உத்தியோகம். அந்த வேலையில் தனக்கு ஈடு யாருமில்லை என்று அவனே ஊரெல்லாம் சொல்லுவான். சொன்னதில் பொய் இல்லாததால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த வருஷம் பொங்கலன்று மகாராஜாவுக்கு ஒரு ஆசை வந்தது. "கரும்பின் நடுவில் கடிக்க எல்லோராலும் முடியும். நான் கணுவில் கடிக்கிறேன், பாருங்கள்!" என்று சொல்லிக் கடித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். கரும்பு அப்படியே இருந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று கணுவிலேயே தங்கிவிட்டது.

கண்ணாடியைப் பார்த்த மகாராஜா மூன்று நாள் அறையை விட்டு வரவில்லை. நான்காம் நாள் வாயை அங்கவஸ்திரத்தால் மூடிக்கொண்டு சபைக்கு வந்தார். யாரைப் பார்த்தாலும் முழு வரிசைப் பல். அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்று முதல் இந்தச் சபையில் பல் தெரிய யாரும் சிரிக்கக் கூடாது!" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அவ்வளவுதான், அரண்மனை இழவு வீடு போல ஆயிற்று. மந்திரிகள் உதட்டை இறுக்கிக்கொண்டு ராஜ்ய விஷயம் பேசினார்கள். பாதி யாருக்கும் புரியவில்லை. அப்பாவுவின் ஆசனம் தூணுக்குப் பின்னால் போய்விட்டது. சிரிப்பே கூடாது என்ற சபையில் விகடகவிக்கு என்ன வேலை?

இதில் மகிழ்ந்துபோனவர் ஒரே ஒருவர்: ராஜவைத்தியர் ஆபத்சகாய பண்டிதர். தாம் ஒரு மாதம் லேகியம் கொடுத்தும் தீராத மகாராஜாவின் மனச்சோர்வை இந்த அப்பாவு ஒரு வார்த்தையில் தீர்த்துவிடுகிறானே என்று பல வருஷமாக வயிறு எரிந்தவர் அவர். பண்டிதருக்குத் தம் பல்லைப் பற்றியும் பெருமை உண்டு. தினம் உப்பும் கரியும் ஏலப்பொடியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வைத்திருப்பார்.

அப்போது பக்கத்து தேசத்து ராஜா தம் மகனுக்கு இளவரசியைப் பெண் கேட்டு வருவதாக ஓலை வந்தது. பத்து நாள்தான் அவகாசம். பெண்ணைப் பெற்றவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்றல்லவா நினைப்பார்கள்? மகாராஜா கலங்கிப்போனார். "யாராவது எனக்கு ஒரு பல் கொண்டுவாருங்கள்!" என்றார்.

மறுநாளே பண்டிதர் வெள்ளித் தட்டில் பட்டு விரித்து மூன்று பற்களைக் கொண்டுவந்தார். ஒன்று மாணிக்கம் பதித்த தங்கப் பல். ஒன்று வலம்புரிச் சங்கில் கடைந்தது. மூன்றாவது ஒரே முத்தில் செதுக்கியது. சபை முழுவதும் வாயைத் திறக்காமல் "ம்ம்ம்" என்று வியந்தது.

"முத்துப் பல்லே இருக்கட்டும்" என்று மகாராஜா கையை நீட்டினார்.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மகாராஜா, தங்கள் வாய்க்குள் போகப்போகிற பொருள்தானே அது?"

"ஆம், அப்பாவு. அதில் என்ன சந்தேகம்?"

"சந்தேகம் எனக்கில்லை, பிரபு. பண்டிதர் கொண்டுவந்த சட்டம் ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான்."

சபைக்கு நினைவு வந்துவிட்டது. பண்டிதருக்கு ஒரு சமயம் சமையற்காரர் மேல் பகை. அதனால், மகாராஜாவின் வாய்க்குள் போகிற எதுவானாலும் கொண்டுவந்தவர் வாய்க்குள் முதலில் போக வேண்டும், ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம் ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று அவரே சட்டம் எழுதி வாங்கியிருந்தார். அன்றிலிருந்து பாயசத்தில் முதல் கரண்டி சமையற்காரருக்குத்தான்.

"சட்டம் சட்டம்தான்" என்றார் மகாராஜா. "பண்டிதரே, முத்துப் பல்லை முதலில் நீர் ஒரு வேளை கட்டிக்கொள்ளும்."

"எனக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்கிறதே, மகாராஜா! எங்கே கட்டுவது?"

"அது ஒரு பெரிய காரியமா?" என்றான் அப்பாவு. "ஒன்றைப் பிடுங்கினால் இடம் வந்துவிடும்."

சேவகன் பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்து வந்தான். பண்டிதர் தடாலென்று மகாராஜாவின் காலில் விழுந்தார். "மன்னித்தருள வேண்டும், பிரபு! முத்து புளிக்குழம்புக்கு நிற்காது, மங்கிக் கரைந்துபோகும். சங்குப் பல் கனம், பேசும்போது ஆடும். தங்கம் மெத்தென்றிருக்கும், கடித்தால் வளையும்."

"தெரிந்துமா கொண்டுவந்தீர்?"

"மின்னுகிறதே, மகாராஜா!"

மகாராஜா தலையில் கையை வைத்துக்கொண்டார். பண்டிதர் எழுந்தார். மானம் போன கோபம் அவருக்கு. "குறை சொல்வது எளிது, பிரபு. அப்பாவுவே ஒரு பல் கொண்டுவரட்டும். அதே சட்டம் அவனுக்கும் உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில் சபை முழுவதும் பார்க்க வேண்டும், ஒருவர்கூடக் கட்டுப்பல் என்று கண்டுபிடிக்கக் கூடாது. கண்டுபிடித்தாலோ, கொண்டுவராவிட்டாலோ, அவன் முன்பற்கள் இரண்டையும் நானே பிடுங்குவேன்."

முன்பல் இரண்டும் போன விகடகவி என்ன பேசினாலும் காற்றுதான் வரும். அப்பாவுவின் பிழைப்பே அந்த வாயில்தான் இருக்கிறது. சபையில் எல்லோரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவனோ, "மூன்று நாள் போதும், மகாராஜா" என்று கும்பிட்டுவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

நேரே அவன் போனது செங்கமலத்தின் பட்டறைக்கு. அவள் தந்தத்தில் சீப்பு அறுக்கிறவள். அந்தப்புரத்துக் கூந்தலெல்லாம் அவள் சீப்புக்குத்தான் படியும்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் அரத்தைக் கீழே வைத்தாள். "வெள்ளையா ஒரு பல்லு வேணும்னா இப்பவே அறுத்துத் தந்துருவேன், அண்ணே. ராஜா பல்லு மாதிரி வேணும்னா ராஜா வாயை நான் பாத்தாகணும்."

"பார்க்கலாம், வா. அந்தப் பழைய யானைக்கொம்புத் துண்டில் மிச்சம் இருக்கிறதா?"

"பத்திரமா இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவே சபையில சொல்லிரப் போறீங்களா? இத்தனை வருசமாக் காப்பாத்துன ரகசியமாச்சே!"

"நான் ஏன் சொல்லப்போகிறேன்? பண்டிதர் கையாலேயே வெளியே வரும்" என்றான் அப்பாவு.

செங்கமலம் மகாராஜாவை முற்றத்து வெயிலில் உட்காரவைத்து, "சூரியனைப் பாத்து வாயைத் தொறங்க, சாமி" என்றாள். வெகுநேரம் பார்த்தாள். "பக்கத்துப் பல்லு ரெண்டும் பழுப்பு. ஓரத்துல வெத்திலைக் கறை. இடது பல்லு லேசாச் சாஞ்சிருக்கு, நுனியில கொஞ்சம் சில்லு பேந்திருக்கு. புதுப் பல்லும் அப்படித்தான் இருக்கணும். அழகா ஒண்ணு வச்சா அது ஒண்ணு மட்டும் தனியாத் தெரியும்."

ராஜாவின் பல் பழுப்பு என்று சொன்னால் தலை இருக்குமா என்று சேவகர்கள் பயந்தார்கள். மகாராஜாவோ, "இவள்தான் என் வாயைப் பார்த்தவள். மற்றவர்கள் தட்டைத்தான் பார்த்தார்கள்" என்றார். அவள் போய்த் தந்தத்தை இழைத்து, கொட்டைப்பாக்குக் கஷாயத்தில் ஊறவைத்துப் பழுப்பேற்ற ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் உச்சிவேளை. அப்பாவு வெறுங்கையோடு சபைக்கு வந்தான்.

"பல் எங்கே?" என்றார் மகாராஜா.

"கொண்டுவந்துவிட்டேன், பிரபு. அதே கைவேலை, அதே கொம்பு. பாயசத்தில் ஒரு கரண்டி போல, ஒன்றை நான் வாயில் போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு வேளை இல்லை, பல வேளை சாப்பிட்டாயிற்று. சபையாரும் பார்த்துவிட்டார்கள்."

"பொய்!" என்று பண்டிதர் குதித்தார். அப்பாவுவை வெயிலில் நிறுத்தி, தாடையைப் பிடித்து, ஒவ்வொரு பல்லாகத் தட்டித் தட்டிப் பார்த்தார். "மகாராஜா, முப்பத்திரண்டும் இவன் வாயில் முளைத்த பல்! ஒன்றில்கூடக் கைவேலை இல்லை. ராஜவைத்தியன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்!"

எழுத்தர் எழுதிக்கொண்டார். மகாராஜாவின் முகம் வாடிவிட்டது. அப்பாவுவை அவருக்கு உண்மையிலேயே பிடிக்கும். ஆனால் சபையில் கொடுத்த வாக்கு. "உம் இஷ்டப்படி செய்யும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பண்டிதர் குறட்டைக் கையில் எடுத்தார். அப்பாவு கைகூப்பினான். "பண்டிதரே, ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வலது முன்பல்மேல் எனக்கு ஆசை அதிகம். இதை மட்டும் கடைசியாக எடுங்கள்."

"அப்படியா? அதைத்தான் முதலில் எடுப்பேன்!"

பண்டிதர் வலது முன்பல்லைக் குறட்டால் கவ்வினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு காலைத் தூணில் ஊன்றினார். பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தார்.

பல் வெண்ணெயில் இருந்த ஊசி மாதிரி வந்துவிட்டது. பண்டிதர் மல்லாந்து விழுந்து, தலைப்பாகை ஒரு பக்கம் தாம் ஒரு பக்கமாக உருண்டு, சிம்மாசனப் படியில் முட்டி நின்றார். குறட்டின் நுனியில் ஒரு தந்தப் பல். அதன் பின்புறம், நாக்குக்கு மட்டும் தெரிகிற இடத்தில், முடி போன்ற பொன்கம்பி.

"ஏழு வருஷ்ஷம் ஆச்சு, மகாராஜா," என்றான் அப்பாவு. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே காற்று விசிலடித்தது. "கோவில் படியில் விழுந்து பல் போயிற்று. பொக்கை வாயோடு விகடம் சொன்னால் யார் சிரிப்பார்கள் என்று பயந்து செங்கமலத்திடம் ஓடினேன். அன்று முதல் இந்தப் பல்லோடுதான் தினமும் தங்கள் எதிரில் சிரிக்கிறேன். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுவேன். இன்று காலையில் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தியும் வைத்தேன், பண்டிதர் ரொம்பச் சிரமப்படக் கூடாது என்று."

முதலில் மகாராஜாவின் வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு அங்கவஸ்திரம் கீழே விழுந்தது. பொக்கை வாயை முழுவதும் காட்டிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் சபை ராஜ உத்தரவை மறந்து சேர்ந்து சிரித்தது. வாசலில் யானை காதை ஆட்டுவதை நிறுத்தியது. ஏழு வருஷம் பயந்து பயந்து மறைத்த பொக்கையைத் திறந்து காட்டிக்கொண்டு, அப்பாவுவும் மனம்விட்டுச் சிரித்தான்.

செங்கமலம் அன்றே மகாராஜாவுக்குப் பல்லைக் கட்டிவிட்டாள். "கரும்புக் கணுவை மட்டும் கடிக்காதீங்க, சாமி" என்று கண்டிப்பாகவும் சொன்னாள்.

குறித்த நாளில் பக்கத்து தேசத்து ராஜா வந்தார். மகாராஜா சிரித்துச் சிரித்துப் பேசியதில் கல்யாணம் அன்றே நிச்சயமாயிற்று. விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது, வந்தவர் சம்பந்தியின் காதருகே குனிந்தார். "உங்கள் சபையில் எல்லாம் திருப்தி. ஒன்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ராஜவைத்தியருக்கு வேறு நல்ல பல் கட்டிவிடுங்கள். இப்போது கட்டியிருப்பது பொய்ப்பல் என்று அப்பட்டமாகத் தெரிகிறது."

பக்கத்தில் நின்ற பண்டிதர் தம் பளபளக்கும் சொந்தப் பற்களை 'லபக்'கென்று மூடிக்கொண்டார்.

மகாராஜாவால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அப்பாவுவுக்குப் போட்டார், அவன் ஆசனத்தைத் தமக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னார். பட்டத்து யானையின் கொம்பில் நறுக்கிய நுனிகளெல்லாம் இனிச் செங்கமலத்தின் பட்டறைக்கே என்று உத்தரவாயிற்று. அந்தத் தேசத்தில் அதன் பிறகு யாருக்குப் பல் விழுந்தாலும் பயமில்லாமல் சிரித்தார்கள்.