சின்ன வயிற்றுக் கரடியும் பெரிய பொய்யும்

மூங்கில் காட்டுக் கரடி அம்பலவாணன் தன் காலைத் தானே பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. குனிந்தால் வயிறுதான் தெரியும். கால் இருக்கிறதா இல்லையா என்று மனைவி செங்கமலத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

"இருக்குது! ஆனா வீங்கிப்போய் இருக்குது!" என்பாள் செங்கமலம்.

நாலடி நடந்தால் அவருக்கு மூச்சு வாங்கும். படுத்தால் குறட்டை. குறட்டையாவது பரவாயில்லை, சில சமயம் அது பாதியில் நின்றுவிடும். கூடவே மூச்சும் நின்றுவிடும். செங்கமலம் பதறிப்போய் விலாவில் ஓங்கி ஒரு குத்து விடுவாள். மூச்சு திரும்ப வரும். இந்த மனுஷன் நம்மை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. கரடியை மனுஷன் என்று சொல்லலாமா என்று கேட்காதீர்கள். மனைவிமார் அப்படித்தான் சொல்வார்கள்.

அம்பலவாணனும் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் பட்டினி கிடந்தார். மறுவாரம் இரண்டு வாரத்துக்கும் சேர்த்துத் தின்றார்.

கடைசியில் செங்கமலம் அவரை அடுத்த காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நூலழகி என்ற தையல்சிட்டு இருந்தாள். இலையைத் தைத்துக் கூடு கட்டும் குலத்தில் பிறந்தவள். வயிற்றைத் தைக்கவும் படித்து டாக்டர் ஆனவள். கட்டைவிரல் அளவுதான் இருப்பாள். அதட்டினால் யானை உட்காரும்.

ஊரில் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் தெரியுமா? "தீர்த்த யாத்திரை போகிறோம்!"

நூலழகி அவர் வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தாள். மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குச் சுருக்கித் தைத்தாள். அம்பலவாணன் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "தேன் எப்போ சாப்பிடலாம்?"

"தேனை மறந்துடுங்க!" என்றாள் நூலழகி. "கொஞ்ச நாளைக்குச் சாறு மட்டும். அப்புறம் மசிச்சது. அதுக்கப்புறம் எப்பவும் கறையான்தான் முதல்ல. உடம்புக்குச் சதை தர்றது அதுதான். இடம் இருந்தா கீரை, பழம். மெதுவா மென்னு சாப்பிடணும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. வயிறு போதும்னு சொன்னா அடுத்த வாய் கிடையாது. இந்த வேர்ப்பொடியைத் தினமும் சாப்பிடணும். சின்ன வயிறு எல்லாச் சத்தையும் எடுக்காது. ஆயுசு முழுக்கச் சாப்பிடணும்."

"ஆயுசு முழுக்கவா!"

"ஆயுசு வேண்டாம்னா பொடியும் வேண்டாம்!"

அம்பலவாணன் பொடியை வாங்கிக்கொண்டார். நூலழகி விடவில்லை. "நான் வயித்தைத்தான் தைச்சிருக்கேன். வாயைத் தைக்கலை. அதைப் பார்த்துக்கிறது உங்க வேலை!"

சில மாதம் அங்கேயே தங்கி அவள் சொன்னபடி செய்தார். உடம்பு இளைத்தது. மூச்சு வாங்குவது குறைந்தது. குறட்டை நின்றது. செங்கமலம் பல வருடம் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள்.

இருவரும் மூங்கில் காட்டுக்குத் திரும்பியபோது காடே வாயைப் பிளந்தது.

"அண்ணே! நீங்களா! எப்படிண்ணே இவ்வளவு இளைச்சீங்க?" என்று ஓடி வந்தது காட்டுப்பன்றி பெரியதம்பி. அதற்கும் லேசுப்பட்ட உடம்பு இல்லை. முழங்கால் வலியில் நொண்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்ல அம்பலவாணன் வாயைத் திறந்தார். வெளியே வந்தது வேறு.

"ஓடினேன் தம்பி! தினமும் ஓட்டம்! மனசுல உறுதி வேணும்! அது இருந்தா எல்லாம் முடியும்!"

செங்கமலம் அவரை முறைத்தாள். குகைக்குள் போனதும் பிடித்துக்கொண்டாள். "ஏங்க இந்தப் பொய்?"

"ஆபரேஷன்னு சொன்னா கேவலமாப் பேசுவாங்க. தின்னு தின்னு வயித்தைக் கிழிச்சுக்கிட்டான்னு சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டுமே! பல்லு அவங்களோடதுதானே!"

இந்தக் காட்டில் கோமளம் என்று ஒரு மைனா உண்டு. அதற்குக் காதில் விழுந்ததை வாயில் வைத்திருக்கத் தெரியாது. அம்பலவாணன் சொன்ன பொய்யைக் காடெங்கும் பரப்பியது. மறுநாளே ஒரு யோசனையோடு வந்து நின்றது.

"சாமி! ஒரு பயிற்சி முகாம் போடுவோம்! நீங்க குரு. நான் விளம்பரம். சீடர்கள் குரு தட்சிணையா தேன் கொண்டு வருவாங்க. அதுல எனக்குப் பாதி!"

"சாமியா? நானா?" என்றார் அம்பலவாணன். அந்தச் சொல் காதுக்கு இனிப்பாக இருந்தது. தேன் என்ற சொல் அதைவிட இனிப்பாக இருந்தது.

முகாம் ஆரம்பமானது. பெரியதம்பி முதல் சீடன். அடுத்து காட்டெருமை, முள்ளம்பன்றி என்று கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் குளத்தைச் சுற்றி ஓடினார்கள். குரு பாறை மேல் உட்கார்ந்து கையை ஆட்டினார்.

"சாமி! நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டது காட்டெருமை.

"எல்லாம் சாப்பிடுவேன்! எதையும் ஒதுக்க மாட்டேன்! உறுதி இருந்தா எல்லாம் எரிஞ்சுடும்!"

பொய் ஒன்று சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். எல்லாம் சாப்பிடுவேன் என்று சொன்ன குரு சீடர்கள் முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. வயிறோ வாழைப்பழ அளவு. பலாச்சுளை இரண்டு போனால் அடைத்துக்கொண்டது. ஆனால் தேன் அடைக்கவில்லை. நக்க நக்க வழுக்கிக்கொண்டு இறங்கியது. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் என்று நாள் முழுக்க நக்கினார். லேசாகப் படபடவென்று வரும். பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். குரு தியானத்தில் இருப்பதாகச் சீடர்கள் கும்பிடுவார்கள்.

அம்பலவாணனுக்கு உள்ளூர ஒரே குஷி. டாக்டரம்மாவையே ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். முட்டாள் கரடி! டாக்டரம்மாவுக்கு என்ன நஷ்டம்? வயிறு யாருடையது?

கறையானை விட்டுவிட்டார். புற்றில் மூக்கை நுழைத்து மண்ணும் சளியுமாக உறிஞ்சுவது ஒரு சாமி செய்கிற வேலையா? வேர்ப்பொடியை யாராவது பார்த்தால் என்ன மருந்து என்று கேட்பார்களே! அதைப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்தார். பிறகு ஒளித்த இடத்தையே மறந்தார்.

செங்கமலம் இலையில் கறையான் ஏந்திக்கொண்டு வந்து நிற்பாள். "ஒரு வாய் சாப்பிடுங்க!"

"போ போ! சீடர்கள் பார்க்கிறாங்க!"

கொஞ்ச நாளில் கை கால் குச்சியானது. தொப்பை மட்டும் மெல்ல எட்டிப் பார்த்தது. பிறகு முடி கொட்ட ஆரம்பித்தது. கரடிக்கு முடி கொட்டினால் அப்புறம் அதைக் கரடி என்று எப்படிச் சொல்வது? முதலில் தோளில் ஒரு சொட்டை, பிறகு முதுகில் ஒன்று. பார்க்கச் சகிக்கவில்லை.

சீடர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். கோமளம் மட்டும் அசரவில்லை.

"அட மக்குகளா! சாமிக்கு ஞானம் முத்திடுச்சு! அதான் முடி தானா உதிருது!"

மறுநாள் பெரியதம்பி முதுகு மயிரைப் பாறையில் தேய்த்துத் தேய்த்து வழித்துவிட்டு வந்து நின்றது. முள்ளம்பன்றி தன் முள்ளைப் பிடுங்க உட்கார்ந்தது. ஒன்றைப் பிடுங்கியதும் ஞானம் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டது.

செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நடக்கும்போது அம்பலவாணன் தள்ளாடினார். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. பழைய பயம் அவளைத் திரும்பப் பிடித்துக்கொண்டது.

"எனக்குச் சாமி வேண்டாம்ங்க! என் புருஷன் உசுரோட வேணும்! டாக்டரம்மாகிட்டப் போகலாம், வாங்க!"

"நாளைக்கு எனக்குப் பாராட்டு விழா. அது முடியட்டும்!" என்றார் அம்பலவாணன்.

விழா அமர்க்களமாக நடந்தது. சீடர்கள் ஒரு மரத்துத் தேன் முழுவதையும் இறக்கி வந்து பெரிய தொன்னைகளில் ஊற்றி வைத்தார்கள். "சாமி ஒரே மூச்சில் குடிக்கணும்!" என்று கோமளம் அறிவித்தது. கூட்டம் ஆரவாரித்தது.

"வேண்டாங்க!" என்றாள் செங்கமலம்.

அம்பலவாணன் கூட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கூட்டம்தான் ஜெயித்தது. முதல் தொன்னையைக் குடித்தார். இரண்டாவதைக் குடித்தார். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது நெஞ்சு தடதடவென்று அடித்தது. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. வயிற்றைக் கையால் பிசைவது போல் வலித்தது. கை கால் வெடவெடத்தது. பாறையிலிருந்து உருண்டு தரையில் மல்லாந்தார்.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு பெரியதம்பி கத்தியது, "புது ஆசனம்!"

அவ்வளவுதான்! சீடர்கள் அத்தனை பேரும் தொப்புத் தொப்பென்று மல்லாந்து விழுந்தார்கள். கை காலை வெடவெடவென்று ஆட்டினார்கள். காட்டெருமை விழுந்ததில் குளத்துத் தண்ணீர் கரையேறியது. ஒருவர்கூட அவருக்கு உதவ எழுந்திருக்கவில்லை. அம்பலவாணன் வாயைத் திறந்து "காப்பாத்துங்க" என்றார். "காப்பாத்துங்க!" என்று சீடர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

செங்கமலம் பாறை மேல் ஏறி அலறினாள்.

"அடப்பாவிகளா, எழுந்திருங்கடா! அது ஆசனம் இல்ல! அவர் ஓடவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! வயித்துல ஆபரேஷன் பண்ணித்தான் இளைச்சாரு! யாராவது ஓடிப்போய் அடுத்த காட்டுத் தையல்சிட்டு டாக்டரைக் கூட்டிட்டு வாங்க! என் புருஷன் சாகக் கிடக்கிறாரு!"

காலாட்டம் சட்டென்று நின்றது. கோமளத்துக்கு வாழ்நாளில் முதல்முறையாகப் பேச்சு வரவில்லை. ஆனால் சிறகு வந்தது. மூங்கில்களுக்கு மேலே எழும்பி அடுத்த காட்டை நோக்கிப் பறந்தது.

செங்கமலம் அவர் தலையை மடியில் வைத்து முகத்தைத் துடைத்தாள். அழுகையும் திட்டுமாக அவளிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. குடித்த தேனில் பாதியை அவர் வாந்தி எடுத்தார். நூலழகி வந்து சேர்ந்தபோது படபடப்பு அடங்கியிருந்தது. ஆனால் எழுந்து உட்காரத் தெம்பில்லை.

நூலழகி அவர் இமையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"தேனா?"

அம்பலவாணன் தலையாட்டினார்.

"கறையான்?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேர்ப்பொடி?"

"அது... பாறை இடுக்குல..."

"பாறைக்கு நல்லா முடி வளரும்!" என்று சீறினாள் நூலழகி. "சின்ன வயித்துல மடமடன்னு இனிப்பை ஊத்தினா உடம்பு இப்படித்தான் கிறுகிறுக்கும். அது கொஞ்ச நேரத்துல அடங்கிடும். ஆனா உங்க ரத்தம் தண்ணியாப் போயிருக்கு! இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தா என்னாலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இந்த அம்மா தனியாத்தான் குகைக்குத் திரும்பியிருப்பாங்க!"

அம்பலவாணன் செங்கமலத்தின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. தான் போவதைவிட, அவள் தனியாக நிற்பதை நினைக்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. "நான் ஓடலை. டாக்டரம்மாதான் என்னைக் காப்பாத்தினாங்க. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். பொய் சொன்னேன். என்னை மன்னிச்சுடுங்க!"

சீடர்கள் கொதித்தார்கள். காட்டெருமை தரையைக் கொம்பால் கிளறியது. "நாங்க மாசக்கணக்கா குளத்தைச் சுத்தினோமே! யார் பேச்சைக் கேட்டுச் சுத்தினோம்!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கொட்டிக் கிடந்த தேனைக்கூட யாரும் சீண்டவில்லை. ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள்.

பெரியதம்பி மட்டும் போகவில்லை. வழித்த முதுகும் வீங்கிய முழங்காலுமாக அங்கேயே நின்றது.

"அண்ணே, நான் ஓடி ஓடி முட்டியே போச்சு," என்றது. அதன் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்கு உறுதி இல்லை, அதான் இளைக்கலைன்னு நினைச்சு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். இப்படி ஒரு டாக்டர் இருக்காங்கன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே!"

அம்பலவாணனை அந்த வார்த்தை தேளாகக் கொட்டியது.

நூலழகி பெரியதம்பியின் தோளில் வந்து உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. முதல்ல உன்னைப் பரிசோதிக்கணும். வா. முட்டிக்கும் மருந்து தர்றேன்!" என்றாள்.

செங்கமலம் எழுந்து போனாள். பாறை இடுக்கைத் துழாவிப் பொடியைக் கண்டுபிடித்தாள். கொஞ்சம் கறையானும் இலையில் ஏந்தி வந்தாள். நடுக்காட்டில், அத்தனை பேர் போய் வரும் பாதையில் அம்பலவாணன் உட்கார்ந்து சாப்பிட்டார். மெதுவாக மென்றார். வழியில் போன இரண்டு முயல்கள் அவருடைய சொட்டையைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தன. வயிறு போதும் என்றதும் அவர் நிறுத்தினார். பிறகு பொடியை எடுத்துக்கொண்டு, "நாளைக்கும் கொண்டு வா செங்கமலம்," என்றார்.

உடம்பைச் சரிசெய்ய மருத்துவரிடம் போனதில் வெட்கம் எதுவும் இல்லை. நாலு பேர் சிரிப்பார்களே என்று அதை மறைத்து, அவர் சொன்ன பத்தியத்தையும் கைவிடுவதுதான் உயிருக்கே கேடு.