எருமை முதுகை மறைத்த மைனா

கரம்பைக் குளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. கரையோரப் பனைமரப் பொந்தில் ஒரு மைனா மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. குளம் காய்ந்தால் அவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்று அது தவித்தது.

அந்தச் சமயத்தில்தான் கூழைக்கடாப் பறவை ஓர் அறிவிப்பு செய்தது. மலைக்கு அப்பாலுள்ள பெரிய ஏரிக்கு அது வான்சேவை நடத்திவந்தது. தவளை, ஓணான், அணில் எல்லாம் அதன் அகன்ற முதுகில் ஏறிப் போகும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் கிளம்புவேன் என்று தவளைகளுக்கு மட்டும் தனியாக வாக்குக் கொடுத்திருந்தது.

"விமானப் பணிப்பெண் தேவை! வெள்ளிக்கிழமை நேர்காணல்! வேலை கிடைக்கிறவங்க குஞ்சுகளை மறுநாளே ஏரிக்கு ஏத்திட்டுப் போவேன்!"

மைனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரே கூழைக்கடாவிடம் போக வேண்டியதுதானே? போகவில்லை. நரி நடத்திய வான்பணிப் பயிற்சி மையத்துக்குப் போனது. நரி பிறந்ததிலிருந்து தரையை விட்டு எழும்பியது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு காளை முட்டியபோது. ஆனாலும் அனுபவம் அனுபவம்தானே!

சேர்க்கைக் கட்டணம் ஆளுக்கு ஒரு முட்டை. பொரியாமல் கிடந்த நாலாவது முட்டையை மைனா உருட்டிக்கொண்டு வந்தது. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். இந்த நரி மேலே விழவில்லை, மரியாதையாகக் கேட்டே வாங்கிக்கொண்டது.

"எங்கே, சிரி!"

"சிரிச்சுட்டேன், சார்."

"பல்லே தெரியலையே!"

"எனக்குப் பல்லே கிடையாதே, சார்!"

"அதான் உன் முதல் குறை! சரி, இதுவரைக்கும் என்ன வேலை பார்த்தே?"

"எருமை முதுகுல நின்னு உண்ணி பொறுக்குவேன், சார். அது ஓடினாலும் வாலை வீசினாலும் விழமாட்டேன்."

நரி மூக்கைப் பொத்திக்கொண்டது. "எருமையா? சீச்சீ! வெளியே சொல்லிடாதே! 'உயர்தர விருந்தோம்பல் துறையில் பத்தாண்டு அனுபவம்'னு சொல்லு!"

"எனக்கு வயசே மூணுதானே, சார்?"

"நம்பிக்கையோட சொன்னா யாரும் கேட்கமாட்டாங்க!"

பக்கத்து மரத்துக் கரிச்சான் குருவியும் எருமை முதுகில் பிழைப்பதுதான். "நீயும் வாயேன், கத்துக்கலாம்!" என்று மைனா கூப்பிட்டது.

"நேரம் ஏது அக்கா? குஞ்சுங்களுக்கு இரை தேடவே பொழுது சரியாப் போகுது."

"அப்போ உனக்கு எங்கே கிடைக்கப்போகுது!" என்று மைனா புதிதாகக் கற்ற சிரிப்பைச் சிரித்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலில் கொக்கு உள்ளே போனது.

"உன்கிட்ட என்ன குறை?" என்று கேட்டது கூழைக்கடா.

"அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை, ஐயா!"

அடுத்து வந்த மயிலுக்கும் அதே குறை. புறாவுக்கும் அதே. நரியிடம் படித்த ஒன்பது பறவைகளுக்கும் ஒரே நோய்! கூழைக்கடா பெரிதாகக் கொட்டாவி விட்டது.

மைனாவின் முறை வந்தபோது கூழைக்கடா கேள்வியை மாற்றியது. "மலைக்கு மேல காத்து பலமா அடிக்கும். என்னைத் தூக்கித் தூக்கிப் போடும். ஆடுற முதுகுல நின்ன பழக்கம் உண்டாம்மா?"

தொண்டை வரைக்கும் எருமை வந்துவிட்டது. அந்த ஒரு சொல் போதும், வேலை அதற்குத்தான். மைனா அதை அப்படியே விழுங்கியது.

"நல்ல கேள்வி, ஐயா! உயர்தர விருந்தோம்பல் துறையில் பத்தாண்டு அனுபவம்..."

"பழக்கம் உண்டா, இல்லையா?"

"அளவுக்கு மீறி உழைப்பதுதான்..."

"சரி, போய்ட்டு வாம்மா."

கடைசியாகக் கரிச்சான் வந்தது. காலெல்லாம் சேறு.

"எருமை முதுகுலதான்யா நிப்பேன். வேற எதுவும் தெரியாது."

"எருமை மிரண்டா?"

"காதுகிட்டப் போய் ரெண்டு வார்த்தை பேசுவேன். அடங்கிடும்."

"விழுந்திருக்கியா?"

"ரெண்டு தடவைங்கய்யா."

"நாளைக்குக் குஞ்சுகளோட வந்துடு!"

மைனா பதறிக்கொண்டு ஓடி வந்தது. "ஐயா! நானும் எருமை முதுகுலதான்யா நிக்கிறேன்! பொறந்ததுலேருந்து!"

"இப்பத்தானே என்னமோ விருந்தோம்பல்னே? எதும்மா நிஜம்? நடுவானத்துல உன்னை நம்பி நான் எப்படிப் பறக்குறது?"

மறுநாள் கரிச்சானின் குஞ்சுகள் கூழைக்கடாவின் முதுகில் ஏறிப் போயின. நரி சும்மா இருக்குமா? தோற்றவர்களுக்கென்றே உயர்நிலைப் பயிற்சி தொடங்கியது. கட்டணம் இரண்டு முட்டை.

"அம்மா, நாம எப்போ போறோம்?" என்று மைனாவின் குஞ்சுகள் கேட்டன. பாவம், அவை என்ன தப்பு செய்தன! குளம் காய்ந்த பிறகு மைனா தினமும் மலையைத் தாண்டிப் பறந்து, அவற்றுக்கு அலகில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சுமந்து வந்தது.

தன் பிழைப்பைத் தானே கேவலம் என்று மறைப்பவருக்கு, அந்தப் பிழைப்பு தந்த திறமையும் உதவாது.