கொம்பையா வாங்கிய பெரிய போன்

மலைக்காட்டில், ஓர் உயரமான வெடிப்பலா மரத்தின் பொந்தில், இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடித்தனம் நடத்தின. அவன் பெயர் கொம்பையா. அவள் பெயர் செண்பகவடிவு. கொம்பையாவுக்கு அலகு பெரிசு. மனசும் பெரிசுதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அவசரம் இருக்கிறதே, அது இரண்டையும்விடப் பெரிசு!

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய், மண்ணும் பழச்சக்கையும் குழைத்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுனி நுழைகிற மாதிரி ஓர் இடுக்கு மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனதும் அதன் சிறகிலுள்ள இறகுகள் உதிர்ந்துவிடும். பறக்க முடியாது. மூன்று நான்கு மாதம் ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியாக ஊட்டினால்தான் உண்டு. அவன் வராமல் போனால் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்.

அந்த வருஷம் பார்த்து, பக்கத்து அத்தி மரங்கள் காய்க்கவில்லை. கொம்பையா இரண்டு மலை தாண்டிப் போய்ப் பழம் தேடினான். காலையில் கிளம்பினால் உச்சி வெயிலுக்குத்தான் திரும்புவான். ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தான்.

உள்ளே வடிவு தேம்பிக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா! கழுகு கிழுகு அடிச்சுப் போட்டுடுச்சோன்னு எனக்கு உசிரே இல்லைங்க!”

கொம்பையாவுக்கு நெஞ்சு கலங்கிப் போயிற்று. “அழாதே வடிவு! உனக்கு ஒரு போன் வாங்கித் தர்றேன். நான் எங்கே இருந்தாலும் நீ பேசலாம்!”

“நிஜமாவா! அப்படின்னா நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. வாங்குறது எப்படி இருக்கணும்னா...”

“நீ ஒண்ணும் சொல்லாதே! பொந்துக்குள்ளே கிடக்கிறவ, உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நான் நாலு பேரை விசாரிச்சு, இருக்கிறதிலேயே நல்லதா வாங்கிட்டு வர்றேன்!”

நாலு பேர் என்று சொன்னானே தவிர, அவன் கேட்டது நாலாயிரம் பேரை. கழுத்தில் தொங்கிய தன் பழைய போனை எடுத்தான். ‘காட்டுக் கேள்வி பதில்’ என்று ஒரு குழு. நாலு மலையிலும் இருக்கிற விலங்கு, பறவை, ஊர்வன எல்லாம் அதில் உண்டு. ஒன்றின் முகம் இன்னொன்றுக்குத் தெரியாது. அதில் போய் அலகாலேயே தட்டித் தட்டி எழுதினான்: ‘ஒரு நல்ல போன் வாங்க வேண்டும். எது வாங்கலாம்? அவசரம்!’

அவ்வளவுதான். யாருக்கு, எதற்கு, எங்கே வைக்க? ஒரு வார்த்தை கிடையாது.

மூச்சு விடுவதற்குள் பதில்கள் வந்து விழுந்தன.

“பெரிய திரையா வாங்குங்க, தம்பி!” என்றது ஒரு யானை. “சின்னதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. நான் வெச்சிருக்கிறது பலகை மாதிரி இருக்கும். போன வாரம் கால் தவறி மிதிச்சேன். ஒரு கீறல் விழணுமே! ஊஹும்!”

“திரையே தண்டம்!” என்றது ஒரு வௌவால். “தலைகீழாத் தொங்குறப்ப எவன் திரையைப் பார்க்கிறான்? ஸ்பீக்கர்தான் முக்கியம். மலையே அதிரணும்!”

“தண்ணி புகாததா பார்த்து வாங்கு. மத்ததெல்லாம் குப்பை!” என்றது ஒரு நீர்நாய்.

“யாரைய்யா குப்பைன்னு சொன்னது?” என்று யானை சீறியது. “உன்னைத்தான்!” என்று வௌவால் நடுவில் புகுந்தது. அப்புறம் என்ன? இருநூறு பதில்கள், ஒரே ரகளை. கொம்பையாவின் கேள்வியை எல்லாரும் மறந்தே போனார்கள். அவன் மட்டும் பழம் பறிக்கும்போதும் படித்தான், பறக்கும்போதும் படித்தான். இரண்டு தடவை மரத்தில் முட்டிக்கொண்டான்.

மூன்றாம் நாள்தான் ஒரு தேவாங்கு மெதுவாக வந்து சேர்ந்தாள். பெயர் தெய்வானை. தேவாங்கு நடையே நிதானம். தட்டச்சு அதைவிட நிதானம். எழுதியிருந்தது இவ்வளவுதான்: “அண்ணா, போன் யாருக்கு? எங்கே வெச்சுப் பயன்படுத்துவாங்க? எது வேண்டாம்னு அவங்க நினைக்கிறாங்க?”

“பாரேன்!” என்று கொம்பையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் கேள்வி கேட்டா, இவ என்கிட்டயே கேள்வி கேட்கிறா! தெரிஞ்சா சொல்லணும், தெரியாட்டி சும்மா இருக்கணும்!”

நேராகச் சிங்கவால் குரங்கின் கடைக்குப் போனான். சேர்த்துவைத்திருந்த ஜாதிக்காய் முழுவதையும் கொட்டிவிட்டு, யானை சொன்ன அதே போனை வாங்கினான். அதைத் தூக்கிக்கொண்டு மேலே பறப்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

“வடிவு! கண்ணை மூடு! கொண்டாந்துட்டேன்!”

இடுக்கில் வைத்தான். நுழையவில்லை. நிமிர்த்தி வைத்தான். நுழையவில்லை. சாய்த்து வைத்து மார்பால் முட்டினான். ஊஹும்!

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. “என்னங்க, கண்ணைத் திறக்கலாமா? ஒரேயடியா இருட்டா இருக்கே?”

“கொஞ்சம் பொறு.”

“வாசலைக் கதவு போட்டுச் சாத்துறீங்களா என்ன?”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தினமும் ஊட்டுகிற இடுக்கு. அதன் அளவு அவனைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் கடையில் நிற்கும்போது அவன் மண்டைக்குள் யானைதான் இருந்தது, வடிவு இல்லை. அவன் முகம் சுண்டிப் போயிற்று.

அத்தோடு விட்டானா? மறுபடியும் குழுவில் எழுதினான்: ‘வாங்கிய போன் உள்ளே போக மறுக்கிறது. என்ன செய்வது?’

“அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாருங்க” என்றது ஒன்று. “எனக்கும் இதே பிரச்சினை” என்றது இன்னொன்று. அதோடு சரி.

அந்த நேரம் பார்த்து, தனியாக ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் ‘உண்மை நண்பன்’. முகப்புப் படத்தில் ஒரு செம்பருத்திப் பூ.

“கவலைப்படாதீங்க அண்ணே! இதெல்லாம் எனக்குக் கைவந்த வேலை. நானே நேர்ல வந்து மாட்டித் தர்றேன். எந்த மரம்? எவ்வளவு உயரம்?”

கொம்பையா உருகிவிட்டான். நாலாயிரம் பேரில் ஒருத்தராவது நேரில் வருகிறேன் என்றாரே! எல்லாவற்றையும் எழுதினான். ஓடைக்குக் கிழக்கே, இடி விழுந்த மரத்துக்கு அடுத்த மரம், தரையிலிருந்து எண்பது அடி, மண் பூச்சு போட்ட பொந்து.

“வீட்ல யார் யார் இருக்காங்க?”

“மனைவி. ஒரு முட்டை. இன்னும் ரெண்டு நாள்ல பொரிச்சுடும்!”

“ரொம்ப சந்தோஷம் அண்ணே! நாளைக்குக் காலையில வர்றேன். நீங்க காத்திருக்க வேண்டாம், பழத்துக்குப் போயிட்டு வாங்க. வந்து பார்க்கிறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்.”

மறுநாள் காலை. கிளம்புகிற அவசரத்தில் இடுக்கருகே வந்து பெருமையாகச் சொன்னான்: “வடிவு, இன்னைக்கு நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வர்றார். பூச்சைக் கொஞ்சம் உடைச்சு, போனை உள்ளே வெச்சுட்டுப் போயிடுவார்.”

“பூச்சை உடைக்கவா? யாருங்க அவர்?”

“நண்பர்.”

“பேரு?”

“உண்மை நண்பன்.”

“அதுதான் பேரா? எந்த மரத்துக்காரர்? என்ன பறவை?”

கொம்பையா போனைத் திறந்து பார்த்தான். “அது... படம் செம்பருத்திப் பூவா இருந்துது.”

“சரி, எந்தப் போன் நல்லதுன்னு அவர் ஏதாவது சொன்னாரா?”

“இல்லை.”

“இடுக்கு எவ்வளவு அகலம்னு கேட்டாரா?”

“இல்லையே. மரம் எது, உயரம் எவ்வளவு, வீட்ல யார் இருக்காங்க... இதைத்தான் கேட்டார்.”

 வடிவு கேட்டாள், நடுங்குகிற குரலில்: “என்னங்க, போனை மாட்ட வர்றவனுக்கு முட்டைக் கணக்கு எதுக்கு?”

 கொம்பையா வாயைத் திறப்பதற்குள், கீழே பட்டையில் நகம் கீறும் சத்தம் கேட்டது. சர்... சர்... சர்...

எட்டிப் பார்த்தான். கையளவு நாக்கை நீட்டி நீட்டி, ஒரு பெரிய உடும்பு ஏறி வந்துகொண்டிருந்தது!

“அண்ணே! இன்னும் கிளம்பலையா?” என்றது உடும்பு, அசட்டுச் சிரிப்போடு. “நான்தான் உண்மை நண்பன்!”

“அடப்பாவி! இறங்குடா கீழே!”

“கூப்பிட்டது நீங்கதானே அண்ணே! வழிகூட நீங்கதானே சொன்னீங்க!”

கொம்பையா பாய்ந்து கொத்தினான். உடும்புத் தோல் லேசுப்பட்டதா? அது வாலைச் சுழற்றி ஒரு அடி கொடுத்தது. கொம்பையா கிளையில் போய் விழுந்தான். உடும்பு பொந்தை எட்டிப் பிடித்துப் பூச்சைப் பிறாண்டியது. ஒரு துண்டு உதிர்ந்தது. இன்னொரு துண்டு உதிர்ந்தது. உள்ளேயிருந்து வடிவு தன் அலகால் அதன் விரலைக் கொத்தினாள். “கிட்டே வராதே! வந்தா கண்ணைப் பிடுங்கிடுவேன்!” என்று கத்தினாள். பறக்க முடியாதவள், முட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு கத்தினாள்.

கொம்பையா தவித்துப்போய் அங்கும் இங்கும் பார்த்தான். கிளைக் கவட்டையில், பலகை மாதிரி, அந்தப் பெரிய போன் இருந்தது!

அலகால் கவ்வினான். உடும்புக்கு நேர் மேலே பறந்தான். விட்டான்.

டொக்!

உச்சி மண்டையில் சரியாக விழுந்தது. உடும்பு கண் செருகி, பிடி நழுவி, கிளை கிளையாக மோதிக்கொண்டு கீழே புதரில் போய் விழுந்தது. எழுந்தது. ஒருமுறை மேலே பார்த்தது. நொண்டிக்கொண்டே ஓட்டம் பிடித்தது. அதன்பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

போனை எடுத்துப் பார்த்தான் கொம்பையா. ஒரு கீறல்கூட இல்லை. யானை பொய் சொல்லவில்லை, பாவம்!

அன்று அவன் பழத்துக்குப் போகவில்லை. ஓடையிலிருந்து மண் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தான். வடிவு உள்ளிருந்தே பூசினாள். பூச்சு காய்ந்த பிறகு, இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்: “வடிவு, புத்தி கெட்டுப் போயிட்டேன். உன்னையும் முட்டையையும் நானே காட்டிக்கொடுத்துட்டேன். என்னை மன்னிச்சுடு.”

“மன்னிக்கிறது இருக்கட்டும். பசிக்குதா உங்களுக்கு?”

அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. “அன்னைக்கு நீ என்னமோ சொல்ல வந்தியே. இப்போ சொல்லு. உனக்கு எப்படிப்பட்டது வேணும்?”

வடிவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “இடுக்குல நுழையணும். வெளிச்சம் வேண்டாம், குஞ்சு தூங்கணும். மணி அடிக்கவே கூடாது, கண்ட பிராணியும் கேட்டுட்டு வரும். படம் கிடம் எதுவும் வேண்டாம். நீங்க உசிரோட இருக்கீங்கன்னு உங்க குரல் சொன்னா போதும்ங்க.”

கொம்பையா அதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல், தெய்வானையின் கேள்விக்குப் பதிலாக எழுதினான். எந்த மரம் என்று மட்டும் எழுதவில்லை. மூன்று நாள் கழித்து, நிதானமாக, பதில் வந்தது.

“அண்ணா, அப்படின்னா ஒற்றைப் பொத்தான் போன் வாங்குங்க. கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். திரை கிடையாது. மணி அடிக்காது, லேசா அதிரும். சார்ஜ் பத்து நாள் நிக்கும். எந்தக் கடையில வேணும்னாலும் கேளுங்க. அண்ணிக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்க.”

குரங்குக் கடைக்காரர் பெரிய போனை வாங்கிக்கொண்டு சின்னதைக் கொடுத்தார். அது ஓர் அத்திப்பழம் போல வழுக்கிக்கொண்டு இடுக்கில் போயிற்று.

அடுத்த வாரம் பேய் மழை. கொம்பையா இரண்டாவது மலையில் மாட்டிக்கொண்டான். பொழுது சாய்ந்தது. பொந்துக்குள் வடிவு, பொரித்து ஒரு வாரமே ஆன குஞ்சை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் கொட்டைப்பாக்குப் போன் மெல்ல அதிர, அலகால் பொத்தானை அழுத்தினாள்.

“வடிவு! பாறை இடுக்குல ஒதுங்கியிருக்கேன். நல்லா இருக்கேன். மழை விட்டதும் வந்துடுறேன். குட்டிப்பய என்ன பண்றான்?”

“தூங்குறான்ங்க” என்றாள் வடிவு, குரலைத் தாழ்த்தி. “நிதானமா வாங்க. எனக்கு ஒண்ணும் பயமில்லை.”

முகம் தெரியாத நாலாயிரம் பேரிடம் யோசனை கேட்கலாம், தப்பில்லை. ஆனால் யாருக்காக வாங்குகிறோமோ அவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும்.