உப்பளத்தில் ஒரு மழை வாழ்த்து

பேச எழுந்துவிட்டால் ஏகாம்பரத்தின் நாக்கில் தேன் ஊறும். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. ஐம்பது வயதுக்கு மேல் வயலையும் வீட்டையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, தன்னைவிட இளையவரான வைத்தியலிங்க சாமியிடம் சீடராகச் சேர்ந்தவர். சாமிக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியம் முழுக்கக் கிண்டலாகத்தான் வெளியே வரும்.

ஒரு பங்குனியில் இருவரும் வேதாரண்யம் பக்கம் உப்பளத்துத் தொழிலாளர் குடியிருப்பில் தங்கினார்கள். மாலையில் பிள்ளையார் கோயில் வாசலில் ஏகாம்பரம் பேசினார்.

"பழைய பாட்டுகளில் மேகம் என்றால் அருள். மின்னல் என்றால் ஞானம். இடி, இறைவன் நம்மைக் கூப்பிடும் குரல். இந்தச் சுட்டெரிக்கிற வெயில் இருக்கிறதே, அது நம் வினை."

கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த உப்பளத் தொழிலாளி பவுனம்மாள் மட்டும் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்தாள். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு ஏகாம்பரம் உச்சி குளிர்ந்துபோனார். ஊரில் பேசி முடிக்கிற வழக்கப்படியே முடித்தார்.

"மாதம் மும்மாரி பெய்யட்டும்."

யாரும் கை தட்டவில்லை.

மறுநாள் விடியும்போது பெய்தது. பருவம் தப்பிய மழை, கொட்டித் தீர்த்தது. வாரி எடுக்கிற பதத்தில் பாத்தியெல்லாம் விளைந்து நின்ற உப்பு கரைந்து, தண்ணீரோடு தண்ணீராகப் போனது.

"சாமிக்கு நல்ல வாய்முகூர்த்தம்" என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டு மண்சட்டியோடு உப்பளத்துக்கு நடந்தாள் பவுனம்மாள்.

ஏகாம்பரம் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார் சாமி.

"ஊருக்கு. இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க சொல்லித்தான் மழை வந்துச்சா? அப்படின்னா உங்க ஊர் வயல் ஏன் காஞ்சு கிடக்கு?"

"மழையை விடுங்க, சாமி. அந்தம்மா என்னை ஒரு வார்த்தை திட்டலையே. அதுதான் தாங்க முடியலை."

"சரி, வாயைத் திறக்க வேண்டாம். கை சும்மாத்தானே இருக்கு? வாங்க."

இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார்கள். தேங்கிய மழைத்தண்ணீரை எல்லோரோடும் சேர்ந்து இறைத்து வெளியே விட்டார்கள். ஏகாம்பரத்தின் கை கொப்பளித்துவிட்டது.

உச்சிப்பொழுதில் மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. ஏகாம்பரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு துண்டைத் தலையில் போட்டார். பக்கத்துப் பாத்தியில் பவுனம்மாள் நிமிர்ந்து சூரியனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அப்பாடா, முகத்தைக் காட்டிட்டான் மகராசன்."

ஏகாம்பரத்தின் கையில் சட்டி அப்படியே நின்றது.

அவள் ஒரு சொம்பு நிறையப் பழைய சோற்று நீச்சத்தண்ணியைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். "குடிங்க சாமி. சாயங்காலம் பேசுவீங்கல்ல?"

"நானா? இன்னும் என் பேச்சைக் கேட்பீங்களா?"

"நல்லாத்தான் பேசுறீங்க. முடிக்கிறப்ப மட்டும் கொஞ்சம் பார்த்து முடிங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் பாத்திக்குத் திரும்பினாள்.

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சொம்பைக் காலி செய்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"சாமி, அப்போ பாட்டுல சொன்னது தப்பா?"

"தப்பில்லையே."

"மழைதான் அருள்னு இருக்கே."

"எழுதினவருக்கு எதிரே காஞ்ச வயல் இருந்திருக்கும்."

ஏகாம்பரம் இன்னும் நாலு சட்டி தண்ணீரை இறைத்தார். அப்புறம் கேட்டார்.

"இன்னைக்கு நான் என்னன்னு வாழ்த்தி முடிக்கட்டும்?"

"அதை என்கிட்டயா கேக்கறீங்க?" என்றார் சாமி. "பவுனம்மா பக்கத்துலதானே நிக்கிறாங்க."