கோழி கிளறிய குழிமேடு

அந்தக் காலத்தில் செத்தவர் செத்தபடியே போய்விடுவதில்லை. குழியில் வைத்து மூடினால் பதினாறாம் நாள் காலையில் மண் தானாக வெடிக்கும். போனவர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, வீட்டுக்கு வந்து சோறு கேட்பார். ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: அதுவரைக்கும் அந்த மண்ணில் மனுஷர் கை படக்கூடாது.

செம்பாயியின் புருஷன் நல்லாண்டி பாம்பு கடித்துச் செத்தான். அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலை வைப்பாள், அரிசி போட மறந்து குழிமேட்டுக்கு ஓடுவாள். திரும்பி வருவாள், மறுபடி ஓடுவாள். ஊரில் எல்லாரும் பொறுத்திருந்துதான் தங்கள் ஆளைத் திரும்பப் பெற்றார்கள். இவளுக்கு மட்டும் பொறுக்கவில்லை, என்ன செய்வது.

பதினைந்தாம் நாள் உச்சிப்பொழுதில் குழிமேட்டருகே குனிந்து காது கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. பின்னாலேயே வந்திருந்த வளர்ப்புக் கோழியைப் பார்த்தாள். அப்போதெல்லாம் கோழி மண்ணைக் கிளறாது. மேலே கிடப்பதைக் கொத்தித் தின்றுவிட்டு நல்ல பிள்ளையாக நடக்கும்.

"கொஞ்சம் கிளறிப் பாரேன். அவரு அசையுறாரான்னு தெரிஞ்சா போதும்."

"நாளைக்கு வந்துருவாரே ஆத்தா. ஒரு ராத்திரி பொறுக்கக் கூடாதா?"

"மனுஷங்க கைதானே படக்கூடாதுன்னாங்க. உன் காலைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

கோழிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் தீனி போட்டு வளர்த்தவள் அழுதுகொண்டு கேட்கிறாள். வலக்காலால் கிளறியது, இடக்காலால் கிளறியது. ஒரு விரல் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல் மெல்ல மடங்கியது.

"இருக்காரு" என்றாள் செம்பாயி, சிரிப்பும் அழுகையுமாக.

வெயில் விரல்மேல் விழுந்தது. அசைவு நின்றது. கோழி பதறிப்போய் இன்னும் கிளறியது. விரலும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் மண்.

அப்போது மண் பேசியது. "நம்பி ஒப்படைச்சீங்க. நம்பாமத் திறந்தீங்க. இனிமே வர்றவங்களை நானே வெச்சுக்கிறேன்."

மறுநாள் விடிந்தது, பொழுதும் ஏறியது, மண் வெடிக்கவில்லை. செம்பாயி கையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கோழிதான் நிற்கமாட்டாமல் சுற்றிச் சுற்றிக் கிளறிக்கொண்டே இருந்தது.

அன்று முதல்தான் போனவர் யாரும் வருவதில்லை. கோழியும், முன்னால் நெல் குவிந்தே கிடந்தாலும், இரண்டு காலாலும் கிளறி, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கொத்துகிறது.